குதிரை நின்ற தரை: திருகோணமலையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

திருகோணமலைக் கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் ஆலயத்தை நோக்கி மலையேறும் எவரும் வழியோரத்தில் புள்ளிமான்களைக் காணாமல் போவதில்லை. மரநிழலில், வெறுந்தரையில், கால்களை மடக்கிக்கொண்டு அவை படுத்திருக்கும். அவற்றுக்கு எவரும் படுக்கை விரிப்பதில்லை. இந்த மண்ணுக்குரிய விலங்கு இந்த மண்ணில் எங்கே படுக்க வேண்டும், மழை வந்தால் எங்கே ஒதுங்க வேண்டும் என்பதைத் தானே அறிந்துகொள்கிறது.

குதிரையின் கதை அப்படிப்பட்டதன்று. இலங்கைக்கும் தென்தமிழகத்துக்கும் குதிரை கடல் கடந்து வந்த விருந்தாளி. வந்த விருந்தாளிக்கு என்ன உணவு கொடுத்தார்கள், என்ன விலை கொடுத்தார்கள், யார் ஏறிச் சென்றார்கள் என்பதெல்லாம் நூல்களில் நிறையவே உண்டு. அது இரவில் எதன்மீது நின்றது, எதன்மீது படுத்தது என்ற கேள்வியை மட்டும் நமது வரலாற்றாசிரியர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அற்பமான கேள்வி என்று தோன்றலாம். ஆனால் பல அரசுகளின் கருவூலத்தைக் கரைத்த ஒரு பேரிழப்பின் காரணங்களுள் ஒன்று அந்த ஈரத்தரையிலேயே கிடந்தது என்பது என் எண்ணம். அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

கொட்டியாரத்துக் கைதி கண்டது

திருகோணமலை மாவட்டத்தின் தெற்குப் பகுதியில், மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவில், புயலில் சேதமுற்ற ஆங்கிலக் கப்பலொன்று பாய்மரத்தைச் செப்பனிடும் பொருட்டு வந்து நங்கூரமிட்டது. அதில் வந்த றொபேட் நொக்ஸ் என்ற இளைஞர் 1660இல் தமது தந்தையாருடன் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி நாட்டில் கைதியாக வாழ்ந்து, 1679இல் தப்பியோடினார். அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளியாயிற்று. இலங்கையின் விலங்குகளைப் பட்டியலிடும்போது பசு, எருமை, மான், யானை என்று அடுக்கிச் செல்லும் நொக்ஸ், குதிரை, கழுதை, செம்மறியாடு ஆகியன இந்நாட்டவரிடம் இல்லை என்று எழுதுகிறார்.

அரசனிடம் சில குதிரைகள் இருந்தது உண்மைதான். ஒல்லாந்தர் அவனுக்கு அனுப்பிய பரிசுப் பொருட்களுள் குதிரைகளும் இடம்பெற்றன. ஆனால் அவை மக்களுடைய விலங்கல்ல. அரச மகிமையின் சின்னங்கள். குதிரை மீது அமர்வது எத்துணை பெரிய மரியாதைப் பிரச்சினையாக இருந்தது என்பதற்கு அதே கொட்டியாரக் குடாவிலிருந்து புறப்பட்ட இன்னொருவர் சாட்சி. 1672இல் பிரெஞ்சுத் தளபதி டி லா ஹேயின் கடற்படை இக்குடாவுக்கு வந்தபோது, டி லனரோல் என்பவர் தூதராகக் கண்டிக்கு அனுப்பப்பட்டார். அரச நகருக்குள் அவர் குதிரைமீது அமர்ந்தபடியே சென்றமையும், அரசனின் அழைப்பு வரும்வரை காத்திருக்கப் பொறுமையின்றித் திரும்பியமையும் பெருங்குற்றமாயின. கசையடியும் விலங்கும் அவருக்குக் கிடைத்த பரிசுகள். அவர் இங்கேயே தங்கிவிட நேர்ந்தது. அப்பெயருடைய குடும்பத்தார் இன்றும் இலங்கையில் உள்ளனர்.

ஒரு விலங்கு அரிதாக இருக்கும் நாட்டில் அதன்மீது ஏறும் உரிமை பற்றிய விதிகள் நுணுக்கமாக வளர்ந்துவிடுகின்றன. அதைப் பேணும் அறிவு அவ்வளவு வேகமாக வளர்வதில்லை.

குதிரை வணிகர் மரபு

அரிதாக இருந்ததனாலேயே குதிரை வணிகம் செல்வாக்குள்ளதாயிற்று. மகாவம்சம் கூறும் முதல் தமிழ் ஆட்சியாளர்களான சேனனும் குத்திகனும் குதிரைகளைக் கப்பலில் கொணர்ந்த வணிகனின் புதல்வர்கள் என்றே அறிமுகப்படுத்தப்படுகின்றனர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தைக் கைப்பற்றிய இவ்விருவரும் 22 ஆண்டுகள் நீதியுடன் ஆண்டதாக அந்நூலே ஒப்புக்கொள்கிறது. இலங்கையின் வடமேற்குக் கரையில் இன்றும் குதிரைமலை என்றொரு முனை உண்டு. உரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடும் 'இப்புரோஸ்' என்ற துறை இதுவே என ஆய்வாளர் பலர் கருதுவர்.

தமிழகத்துப் பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்திருந்த பண்டங்களைச் சொல்லும்போது கடல்வழி வந்த குதிரைகளையும் ஈழத்திலிருந்து வந்த உணவையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறது. ஒரே கடல், ஒரே துறை. குதிரை மேற்கிலிருந்தும் உணவு ஈழத்திலிருந்தும் வந்து சந்தித்தன. பின்னர், சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகளைக் காண்கிறோம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எனப்படும் பெருவணிகக் குழுவினரின் சுவடுகள் திருகோணமலைக்கு வடமேற்கே பதவியாவில் கிடைத்த கல்வெட்டிலும் உண்டு. தாம் விற்கும் பண்டங்களாக அக்குழுவினர் பெருமையுடன் பறைசாற்றியவற்றுள் உயர்சாதிக் குதிரையும் ஒன்று.

தமிழில் குதிரை கட்டும் இடத்துக்குப் பல பெயர்கள். இலாயம், கொட்டில் என்பன இன்று வழங்குவன. பழஞ்சொல் 'பந்தி'. வரிசை என்பது அதன் அடிப்படைப் பொருள். உண்பவர் வரிசையும் பந்தி. குதிரை வரிசையும் பந்தி. பந்தியில் இலை போடாமல் எவரையும் அமர்த்துவதில்லை. குதிரைப் பந்தியில் என்ன போட்டார்கள்?

தோல்மீது ஒரு கடற்பயணம்

இந்தக் குதிரை நமது கரையில் இறங்கும் முன்னரே அதன் கால்கள் துன்பப்படத் தொடங்கிவிட்டன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர்முசு துறைமுகத்தைக் கண்ட மார்க்கோ போலோ அங்குள்ள கப்பல்களைப் பற்றி வியப்போடு எழுதியிருக்கிறார். இரும்பாணியின்றித் தென்னை நார்க்கயிற்றால் பலகைகளைத் தைத்த கப்பல்கள் அவை. அவற்றுக்கு மேல்தளம் கிடையாது. சரக்கை ஏற்றி அதன்மீது தோல்களை விரித்து, அத்தோல்களின் மேல் குதிரைகளை நிறுத்தி இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர்.

அந்தத் தோலை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். நீரை உறிஞ்சாத, வழுக்குகிற, சிறுநீர் தேங்குகிற பரப்பு. கப்பல் ஆடும்போது குதிரை தன் எடையைக் காலுக்குக் கால் மாற்றியபடி வாரக்கணக்கில் நிற்க வேண்டும். தாராளமாகப் புல்பரப்ப இடமும் இல்லை. நனைந்ததை மாற்ற வழியும் இல்லை. கரையிறங்கும் குதிரையின் குளம்பு ஏற்கெனவே ஊறி மென்மையாகிவிட்டிருக்கும் என்று நாம் ஊகிப்பது மிகையாகாது.

வழியில் இறந்த குதிரைக்கும் விலை கிடைத்தது என்பதே இவ்வணிகத்தின் விசித்திரம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் விவரப்படி, பாண்டிய நாட்டுக்கு ஆண்டுக்கு 1,400 குதிரைகளைக் கொண்டுவந்து சேர்க்க ஜமாலுத்தீன் என்ற பெருவணிகர் ஒப்பந்தம் செய்திருந்தார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். நடுக்கடலில் மாண்ட குதிரைக்கும் அதே விலை கொடுக்கப்பட வேண்டும். பின்னாளில் விசயநகரத்துச் சாளுவ நரசிம்மனைப் பற்றி எழுதிய போர்த்துக்கேயர் நூனிசு, கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலே போதும், அரசன் பணம் கொடுத்துவிடுவான் என்று குறித்துள்ளார்.

இறப்புக்கும் விலை உண்டு என்றால் இறப்பைத் தடுக்க வணிகனுக்கு என்ன அவசரம்?

நாற்பது நாள்

கரைக்கு வந்த பிறகு என்ன நடந்தது? பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினான், அவனுடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்கினர், ஆனால் ஆண்டு முடிவில் 100 குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. குதிரையைப் பேணத் தெரியாமையும், இலாடம் அடித்து வைத்தியம் பார்ப்போர் இல்லாமையுமே காரணம் என்பது அவருடைய தீர்ப்பு. அப்படிப்பட்டோர் இங்கு வந்துவிடாதபடி வணிகரே தடுத்தார்கள் என்றும் குற்றஞ்சாட்டுகிறார். சோற்றோடு இறைச்சியைச் சேர்த்துக் குதிரைக்குக் கொடுத்தார்கள் என்ற செய்தியும் அவர் தருவதே. பெரிய குதிரைகளுக்கு இங்கே பிறந்த குட்டிகள் கால் கோணலாக, ஏறிச் செல்லத் தகுதியற்றனவாக இருந்தன என்றும் சொல்கிறார்.

வஸ்ஸாஃப் இன்னொரு தகவலைச் சேர்க்கிறார். எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. வறுத்த வாற்கோதுமையும் நெய்யும் கொடுத்து, காய்ச்சிய பசும்பால் புகட்டி, கொழுக்க வேண்டும் என்பதற்காகக் கயிற்றாலும் முளைகளாலும் 40 நாள் கொட்டிலில் கட்டிவைத்தார்களாம். பின்னர் எந்தப் பயிற்சியும் இன்றி அங்கவடி கூட இல்லாமல் வீரர்கள் ஏறி விரட்டினார்களாம். சிறிது காலத்தில் வலிமையும் வேகமும் கொண்ட குதிரைகள் எதற்கும் உதவாதனவாகிவிட்டன என்று முடிக்கிறார்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ சாணமிடும். 7 முதல் 10 லீற்றர் வரை சிறுநீர் கழிக்கும். 40 நாளில் இது 800 கிலோ சாணம், 280 முதல் 400 லீற்றர் சிறுநீர். பின்னங்கால்களும் கயிற்றால் பிணிக்கப்பட்டு நகர முடியாத ஒரு விலங்கு, இவற்றுள் அகற்றப்படாத ஒவ்வொரு பகுதியின் மீதும் நிற்க வேண்டும், படுக்க வேண்டும்.

இன்றைய கால்நடை மருத்துவம் இதன் விளைவுகளைத் தெளிவாகச் சொல்கிறது. குளம்பின் அடியில், நடுவில், இரப்பர் போன்ற மென்மையான முக்கோணப் பகுதி ஒன்று உண்டு. ஈரத்திலும் அழுக்கிலும் நின்றால் அதன் பிளவுகளில் காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, கறுத்த கசிவோடு அழுகத் தொடங்கும். அழுகல் உள்ளே பரவினால் குதிரை நொண்டும். சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது எழும் அமோனியா வாயு மூச்சுக்குழலை அரிக்கும். குதிரை நின்றபடியே உறங்கும் என்பது பாதி உண்மைதான். ஆழ்ந்த உறக்கத்துக்கு அது நாளொன்றுக்கு அரை மணி நேரமாவது உடலைக் கிடத்தியாக வேண்டும். படுக்கத் தகாத தரையில் அது படுக்க மறுக்கும். பல நாள் அப்படிக் கழிந்தால் நின்ற இடத்திலேயே தள்ளாடி விழும் குதிரைகளும் உண்டு.

இவற்றைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது. 'சர்ரா' எனப்படும் குருதி நோய். 1880இல் பஞ்சாப் பகுதியில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் அதற்குக் காரணமான ஒட்டுண்ணியைக் குதிரை, ஒட்டகம் ஆகியவற்றின் குருதியில் கண்டறிந்தார். இந்தியாவில் எண்ணற்ற குதிரைகளைக் காய்ச்சலிலும் மெலிவிலும் மடித்த நோய் இது. கடிக்கும் ஈக்களே இதை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துகின்றன. அவற்றுள் ஒன்றான கொட்டில் ஈ முட்டையிட்டுப் பெருகும் இடம் எது தெரியுமா? சாணமும் சிறுநீரும் கலந்து மட்கிக் கிடக்கும் வைக்கோல்.

ஆகவே பாண்டியரின் குதிரைகள் படுக்கையினால் மட்டுமே மாண்டன என்று நான் வாதிடவில்லை. வெப்பம், பழகாத உணவு, பயிற்சியின்மை, மருத்துவமின்மை எல்லாம் சேர்ந்தே கொன்றன. ஆனால் இவையனைத்தும் ஒன்றுகூடிய இடம் அந்தக் கொட்டில். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அந்தத் தரை.

பெரும்பொருள் கொடுத்து வாங்கிக் கட்டிய குதிரை விடியும் முன் இல்லாமற் போவது, தமிழ் மக்களின் நினைவில் ஆழப் பதிந்த ஒரு காட்சி. மாணிக்கவாசகர் கதையில் பாண்டியனின் பொன்னுக்கு வந்த பரிகள் இரவில் நரிகளாகி, பந்தியில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. திருவிளையாடற் புராணம் இதற்கென்றே தனிப் படலங்கள் வகுத்தது. பக்தியின் பொருள் வேறு. அதில் நான் தலையிடவில்லை. எனினும் புதிதாக வந்த குதிரையோடு ஏதோ ஒன்று வந்து பழைய குதிரைகளையும் அழித்துவிட்டுப் போகிறது என்ற அச்சம், கொட்டில்களில் தொற்றுநோயைக் கண்டவர்களின் அச்சமாகவே எனக்குத் தோன்றுகிறது.

சாத்திரம் சொன்னது

அறிவே இல்லாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. கௌடலியரின் அர்த்தசாத்திரம் குதிரைகளுக்கென ஓர் அதிகாரியை நியமித்து, கொட்டிலின் அளவையும் அமைப்பையும் விதிக்கிறது. ஒவ்வொரு குதிரைக்கும் சதுரமான தனியிடம், வழுவழுப்பாக இழைத்த பலகைத் தரை, தீவனப் பெட்டி, சாணமும் சிறுநீரும் வெளியேற வழி. கொட்டிலின் நடுவே குதிரை புரளுவதற்கென்று இடமும் விட வேண்டும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய கிரேக்கர் செனபோனும் ஈரமான, வழுக்கும் தரை நல்ல குளம்பையும் கெடுத்துவிடும் என்று எச்சரிக்கிறார். ஈரம் வடியத் தரை சரிவாக இருக்க வேண்டும், குளம்பின் அளவுள்ள கற்களை நெருக்கமாகப் பதிக்க வேண்டும் என்பன அவர் தரும் தீர்வுகள். வெளிமுற்றத்தில் உருண்டைக் கற்களைக் கொட்டி, அவற்றின் மீது குதிரையை நிற்கச் செய்து குளம்பை உறுதியாக்கச் சொல்கிறார்.

இருவருக்கும் ஓர் ஒற்றுமை. மெத்தென்ற படுக்கை பற்றி அவர்கள் இங்கே கவலைப்படவில்லை. நீர் வடிவதைப் பற்றியே கவலைப்பட்டார்கள். முழங்கால் அளவு கோதுமை வைக்கோல் பரப்பும் வழக்கம் குளிர்நாடுகளுக்குரியது. அங்கே வைக்கோல் குதிரைக்குக் கம்பளியும் ஆகும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் கரைகளில் அதே ஆழ்ந்த வைக்கோல் பூஞ்சணத்தின் விளைநிலமாகிவிடும்.

இதைப் பிரித்தானியர் இந்தியாவில் அனுபவத்தால் கற்றனர். குதிரைப்படை முகாம்களில் இரவில் விரித்த படுக்கையைக் காலையில் முழுவதும் வெளியே வாரி, வெயிலில் பரப்பி உலர்த்தி, மாலையில் மீண்டும் விரிப்பது அன்றாட வழக்கமாயிற்று. வெயிலே அவர்களுடைய கிருமிநாசினி. இதைச் செய்தவர்கள் அவர்கள் அல்லர். சென்னை மாகாணத்தில் ஒரு துரையிடம் ஒரு குதிரை இருந்தால், அதற்கு ஒரு குதிரைக்காரரும் ஒரு புல்லறுப்பவரும் வேண்டும் என்பது அக்காலத்து நியதி. புல்லறுப்பவர் பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவியாகவே இருந்தார். குதிரைகளின் பெயர்கள் சரித்திரத்தில் இருக்கின்றன. வெலிங்டன் பிரபு வாட்டர்லூவில் ஏறிய குதிரை கோப்பன்ஹேகன் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே வெலிங்டன், ஆதர் வெல்லெஸ்லி என்ற இளம் தளபதியாக 1800ஆம் ஆண்டின் இறுதியில் படை நடத்தத் திருகோணமலைக்கு வந்து தங்கிய இல்லம் கோட்டைக்குள் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் விடியற்காலையில் ஈர வைக்கோலை வாரி வெயிலில் போட்ட குதிரைக்காரர் ஒருவரின் பெயர்கூட நமக்கு எட்டவில்லை.

திருகோணமலையில் விரிப்பதாயின்

இனி, நமது துறைமுக மாவட்டத்தில் ஒருவர் குதிரை வளர்ப்பதாக வைத்துக்கொள்வோம். எதை விரிப்பது?

முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும். திருகோணமலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ப்பது. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும்போது மண் பொடியாகி, ஓலையும் சருகாகிவிடும். ஆண்டு முழுவதற்கும் ஒரே படுக்கை என்பது இங்கே பொருந்தாது.

வைக்கோல் நமது மாவட்டத்தில் பஞ்சமில்லாத பொருள். தம்பலகாமம், கந்தளாய், மூதூர் வயல்களில் பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் நடைபெறும். அப்போது கிடைக்கும் வைக்கோல் வெயிலில் நன்கு காய்ந்து பொன்னிறமாக இருக்கும். எருமைகளைக் கொண்டு சூடு மிதித்த நாட்களில் வைக்கோல் மிதிபட்டு நசுங்கி மென்மையாயிற்று. அது ஈரத்தையும் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். இன்று இயந்திரம் அறுவடை செய்கிறது. வைக்கோல் பல இடங்களில் வயலிலேயே எரிக்கப்படுகிறது. வைக்கோலின் குறை இரண்டு. குதிரை அதைத் தின்னும். நெல் வைக்கோல் சத்துக் குறைந்தது; அளவு மீறினால் குடலை அடைக்கும். அடுத்தது, மழைக்காலத்தில் போரிலிருந்து உருவும்போது மணம் மாறியிருந்தால், கையில் உதறும்போது வெண்தூள் பறந்தால், அது பூஞ்சணம். அதைச் சுவாசிக்கும் குதிரைக்குத் தீராத இருமலும் இளைப்பும் வரும்.

உமி, அரிசி ஆலைகளில் மலிவாகக் கிடைப்பது. குதிரை அதை விரும்பித் தின்னாது. ஆனால் உமி நீரை உறிஞ்சாமல் கீழே வடியவிடும். ஆகவே சரிவும் வடிகாலும் உள்ள தரைக்கே அது ஏற்றது. கச்சான் காலத்தில் அதன் தூசு கண்ணையும் மூக்கையும் உறுத்தும். சற்று நீர் தெளித்தே பரப்ப வேண்டும்.

மணல் இருக்கவே இருக்கிறது என்று தோன்றலாம். கடற்கரை மணலில் உப்பு உண்டு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஆற்றுமணலே மேல். புல்மோட்டைப் பக்கத்துக் கருமணல் வெயிலில் சுட்டுவிடும். எந்த மணலானாலும் அதன்மீது தீவனத்தைக் கொட்டக் கூடாது. தீவனத்தோடு மணலையும் வாரி உண்ணும் குதிரையின் குடலில் அது படிந்து கடும் வயிற்றுவலியை உண்டாக்கும். இதனால் குதிரைகள் இறப்பதுண்டு.

மரத்தூள் ஈரத்தை நன்றாகப் பிடிக்கும். எந்த மரத்தின் தூள் என்பது தெரியாமல் வாங்குவது ஆபத்து. அமெரிக்காவில் கறுப்பு வால்நட் மரச் சீவலில் நின்ற மாத்திரத்திலேயே குதிரைகளுக்குக் குளம்பழற்சி ஏற்படுவது நன்கறியப்பட்டது. பலவகை மரங்கள் ஒன்றாக அறுக்கப்படும் ஆலைத்தூளை நம்புவதற்கில்லை.

எஞ்சியிருப்பது தென்னந்தும்பிலிருந்து உதிரும் தூள். பல காலம் கழிவாக மலைபோலக் குவிந்து கிடந்த இப்பொருளை இன்று இலங்கை உலகெங்கும் ஏற்றுமதி செய்கிறது. விலங்குகளின் படுக்கையாகவும் அது வெளிநாடுகளில் விற்பனையாகிறது. தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை அது வாங்கிக்கொள்ளும், மணத்தையும் அடக்கும், குதிரைக்கு உண்ணத் தோன்றாது. மாரிகாலத்துக்கு இதைவிட உகந்தது நம்மிடம் இல்லை. நன்றாக உலர்த்தப்பட்டதாக, உப்பு நீங்கக் கழுவப்பட்டதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

சுருங்கக் கூறின், சரிவான உறுதியான தரை, மாரியில் தும்புத்தூள், கோடையில் புதிய வைக்கோலை மெல்லியதாகப் பரப்பி, நாள்தோறும் வாரி வெயிலில் இடுதல். எதை விரித்தாலும் சோதனை ஒன்றுதான். படுக்கையின்மீது முழங்காலை ஊன்றிச் சற்று நேரம் இருந்து எழுந்து பாருங்கள். துணி நனைந்திருந்தால் அது குதிரைக்கு ஆகாது. குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் குதிரைக்கும் எரியும். அதன் மூக்கு இரவெல்லாம் அந்த உயரத்திலேயே இருக்கப் போகிறது.

நெடுந்தீவின் மறுமொழி

இக்கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே உள்ள நெடுந்தீவில் போர்த்துக்கேயர் காலம் முதல் குதிரைகள் வளர்க்கப்பட்டன. ஒல்லாந்தரும் அதைத் தொடர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஆங்கில அதிகாரி அவற்றைப் பரிபாலித்தார். முருகைக் கற்களால் கட்டப்பட்ட குதிரைக் கொட்டில்களின் தூண்கள் சிதைந்த நிலையில் இன்றும் அங்கே வரிசையாக நிற்கின்றன. வெள்ளையர் கைவிட்டுப் போன குதிரைகளின் வழித்தோன்றல்கள் கட்டைக் குதிரைகளாக, எவருக்கும் உரிமையின்றி, தீவின் வெட்டவெளியில் மேய்ந்து திரிகின்றன.

அக்குதிரைகளுக்குக் கூரையும் இல்லை, வைக்கோலும் இல்லை. கோடையில் குளங்கள் வற்றும்போது நீரின்றி அவை மடிகின்றன. அந்தத் துயரத்தை மறைப்பதற்கில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அவை பிழைத்தும் இருக்கின்றன. பொன் கொடுத்து வாங்கி, நெய்யும் பாலும் ஊட்டி, கயிறு கட்டிக் காத்த பாண்டியரின் குதிரைகள் ஓராண்டு தாங்கவில்லை. எவரும் காக்காத நெடுந்தீவுக் குதிரைகள் இரு நூற்றாண்டுகளாக நிற்கின்றன. அவற்றின் காலடியில் இருப்பது மழைநீரை விரைந்து உள்வாங்கும் சுண்ணாம்புப் பாறை. ஈரத்தில் நின்றால் விலகி உலர்ந்த இடத்துக்குப் போகும் சுதந்திரமும் அவற்றுக்கு உண்டு.

கட்டிவைத்தவன் அந்தச் சுதந்திரத்தைப் பறித்துக்கொண்டவன். ஆகவே உலர்ந்த இடத்தைக் குதிரையிடம் கொண்டுவந்து சேர்ப்பது அவன் கடமையாகிறது. படுக்கை விரிப்பது என்பதன் பொருள் அவ்வளவே. குதிரைக்கு 220 தினார் கொடுத்த மன்னர்கள், ஈர வைக்கோலை வாரி வெயிலில் போடும் ஒருவருக்கு நாள்தோறும் சில காசுகள் கொடுத்திருந்தால், மாறவர்மன்களின் கருவூலம் அந்த அளவு கரைந்திருக்காது.

கோணேசர் மலையிலிருந்து மாலையில் இறங்கிவரும்போது அந்தப் புள்ளிமான்களை மறுபடியும் பாருங்கள். மழை தூறத் தொடங்கினால் ஒவ்வொன்றாக எழுந்து, நீர் நில்லாத மேட்டுக்கு நகர்ந்து போகும்.